வெள்ளிக்கிழமை சோப்பு

வெல்டன்
ஆகஸ்ட் 19, 1984

அன்புள்ள மெர்ல் அண்ணாவுக்கு,

நானும் மார்சியும் ஒருவழியாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படகில் சமைக்கிறவன் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஒரு செய்தி, உட்கார்ந்து படி. இந்த வருடம் கல்லூரி மைதானத்தில் தொப்பி கழற்றப்போவது நம் மார்சி. இதை நடத்தும் மகளிர் குழுத் தலைவி பெவ் ஹோஸ்டெட்லர் அம்மா நேற்று தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவை அறையில் நான் எத்தனை வருடமாக இருக்கிறேன். அந்த அம்மா மாதாமாதம் குழந்தைகளுக்குப் பொம்மை கொடுக்க வருவார், ஒரு நாளும் என் பெயரைக் கேட்டதில்லை. நேற்று என் சமையலறையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சின்ன வயதில் அப்பாவோடு கடைசி வரிசையில் நின்று பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் தொடங்குமுன் நோய்ப்பட்ட குழந்தை, கல்லூரி அணியிலேயே பெரிய ஆட்டக்காரனின் விரலைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு வரும். மஞ்சள் தொப்பியைக் கழற்றும். மொட்டைத் தலை வெயிலில் தெரியும். உடனே நாற்பதாயிரம் பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பார்கள். எதற்கும் அழாத அப்பா அதற்கு மட்டும் அழுவார். அந்த இடத்தில் என் பெண் நிற்கப்போகிறாள், அண்ணா.

போன குளிர்காலத்தில் அவள் அப்பா ஜெரால்ட் வீட்டை விட்டுப் போனதிலிருந்து மார்சி சிரித்ததே இல்லை. "இந்த ஊசியையும் வாந்தியையும் என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது டார்லீன்" என்று அவள் காது கேட்கத்தான் சொல்லிவிட்டுப் போனான். நேற்று சிரித்தாள்.

கடலில் ஜாக்கிரதையாக இரு.
உன் தங்கை டார்லீன்


டச் ஹார்பர், அலாஸ்கா
செப்டம்பர் 1, 1984

டார்லிக்கு,

முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, வேறு போக்கிடம் இல்லாததால். நீயும் குழந்தையும் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? என் சமையலைச் சாப்பிட்டும் இங்கே ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதனால் கவலைப்படாதே.

மார்சிக்கு என் முத்தம். அந்தப் பெரிய ஆட்டக்காரனின் விரலை நன்றாக முறுக்கச் சொல், மாமா சொன்னார் என்று.

எனக்கு என்னவோ முழு சந்தோஷம் வரவில்லை. நாம் தொப்பி கழற்றிய குழந்தைகளில் ஒன்றைக்கூட அடுத்த வருடம் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாதுடா, மரியாதை இல்ல" என்றார். நம் ஊரின் மரியாதை அது. நோயைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மக்ரோனி சுட்டு எடுத்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

நான் கேட்கிறேன். மார்சியின் ரத்தப் புற்றுக்கு ஆகஸ்டோடு மருந்து முடிகிறது, செப்டம்பரில் ரத்தம் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாயே. டாக்டர் என்ன சொன்னார்?

அண்ணன் மெர்ல்


வெல்டன்
செப்டம்பர் 14, 1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மூவர் என்று எழுதியதைக் கவனித்தாயா? ஜெரால்ட் வந்துவிட்டான். முதல் சனிக்கிழமை மார்சி தொப்பி கழற்றிய படம் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் பெட்டியோடு நிற்கிறான். "நான் பண்ணது தப்புதான். இருக்கப்போற நாள்வரைக்கும் அவகூட இருந்துட்டுப் போறேனே" என்று மூக்கைச் சிந்தினான். மார்சி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பழையபடி மூன்று தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமையை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் தொப்பியை எடுத்தாள், மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது. என் பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது, என் தோளில் சாய்ந்து அழுதார். தேவாலயத்தில் எங்களுக்கு முன் வரிசையில் இடம் விடுகிறார்கள். வாசலில் மக்ரோனி பாத்திரங்கள் வைக்க இடமில்லை. எதை முதலில் கழுவுவது என்று தெரியவில்லை.

டாக்டர் அந்தத் திங்கட்கிழமைதான் பார்த்தார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
டார்லீன்


டச் ஹார்பர்
செப்டம்பர் 29, 1984

டார்லிக்கு,

நான் நலம். உன் கடிதம் படித்தபின் அவ்வளவு நலமாக இல்லை.

ஜெரால்டைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் கிழியும், விட்டுவிடுகிறேன். குழந்தை வாந்தி எடுத்தபோது ஓடியவனுக்குக் குழந்தை பேப்பரில் வந்ததும் பாசம் பொங்குகிறது. நல்ல பாசம்.

எனக்குப் பிடிக்காத சொல் 'பிறகு'. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'பிறகு எழுதுகிறேன்' என்று எழுதினாள். கடைசியில் நீதான் எழுதினாய், அடக்கம் முடிந்த பிறகு. மார்சிக்கும் அப்படித்தானா? இருக்கப்போற நாள்வரைக்கும் என்று அவன் சொன்னதை நீ மறுத்து ஒரு வரி எழுதவில்லை. அதையே நினைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கும்போது விரலை நறுக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நண்டுக்குக் கிளம்புகிறோம். நவம்பர் கடைசிவரை கரை இல்லை, தபால் இல்லை. அதற்குள் எழுதி வை. திரும்பியதும் முதல் வேலையாகப் படிப்பேன்.

மெர்ல்


வெல்டன்
அக்டோபர் 16, 1984

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீ எந்த அலைமேல் இருக்கிறாயோ, நல்லபடியாக இரு. இதை நீ படிக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால்தானோ என்னவோ, எழுத வருகிறது.

தொலைக்காட்சிக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். பெவ் அம்மா மார்சியின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, அவள் காதோரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். "பூனை முடி மாதிரி வருதே. ஜனங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றாங்க, ஏமாந்து போயிடக் கூடாது பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா கேட்கவே மாட்டார், உனக்குத் தெரியும். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதனால் வெள்ளிக்கிழமைகளில் மார்சியின் தலையை நான் கவனித்துக்கொள்கிறேன். அப்பாவின் பழைய ரேசர் இருக்கிறது. எனக்குக் கை பழகிவிட்டது.

வார்டில் கிப் என்று ஒரு பையன், ஆறு வயது. அவன் அம்மா லெனோரா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அடுத்து அவன் முறை. தொப்பி போட்டிருக்கும் குழந்தையின் முறை முடிந்தால்தான் அடுத்த குழந்தைக்குப் போகும், ஒரே தொப்பிதானே. நேற்று லெனோரா சலவை அறை வாசலில் நின்று, "மார்சி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அவளைப் போல இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. "அப்படியேதான் இருக்கா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கிப்போட முறை எப்ப வரும்னு நான் கேக்கல டார்லீன், மன்னிச்சுக்க" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், அண்ணா.

ஜெரால்ட் சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். மார்சி அவன் மடியில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறாள்.

டார்லீன்


வெல்டன்
அக்டோபர் 28

அன்புள்ள மெர்ல் மாமா,

நான் நலம். நீங்கள் நலமா? நண்டு கடிக்குமா?

அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். எனக்கு மருந்து நின்றுவிட்டது. டாக்டர் எனக்கு மிட்டாய் கொடுத்தார், இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். இது ரகசியம். அப்பாவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அப்பா போய்விடுவார் என்று அம்மா சொன்னாள். நீங்கள் தூரத்தில் இருப்பதால் உங்களிடம் சொல்லலாம் என்று நானே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா சோப்பு போட்டு வழித்துவிடுவாள். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் முடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரிக்கும். போன வாரம் ஒரு இடத்தில் வெட்டிவிட்டது. டிவியில் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்து எல்லோரும் அழுதார்களாம்.

வார்டுக்குப் போய்க் கிப்பைப் பார்த்தேன். அவன் கம்பளித் தொப்பி வைத்துப் பழகுகிறான். மிக வேகமாகக் கழற்றுகிறான். மெதுவாகக் கழற்ற வேண்டும், அப்போதுதான் கடைசி வரிசைக்குத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தேன். என் முறை எப்போ என்று கேட்டான். சீக்கிரம் என்று சொன்னேன்.

அன்புடன் மார்சி


வெல்டன்
நவம்பர் 13, 1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இரு.

கிப் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டான். அவன் படுக்கை விரிப்பு என்னிடம்தான் சலவைக்கு வந்தது. தலையணை உறைக்குள் அந்தக் கம்பளித் தொப்பி இருந்தது. இயந்திரத்தில் போடாமல் கையால் துவைத்துக் காயவைத்து லெனோராவிடம் கொடுத்தேன். "நீ எவ்வளவு நல்லவ" என்றாள்.

நான் அடுத்த வாரமே சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் இருந்தேன். இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் என்ன வருமோ. எனக்கே என்மேல் என்ன வருகிறது என்று தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை உள்ளூரில் கடைசி ஆட்டம். மார்சி கிப்புக்காகவும் தொப்பி கழற்ற வேண்டும், லெனோராவை மேடையில் உட்கார வைப்போம் என்று பெவ் அம்மா முடிவு செய்திருக்கிறார். மைக்கில் இரண்டு பெயரையும் சொல்வார்களாம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

டார்லீன்


வெல்டன்
நவம்பர் 18, 1984

அண்ணா,

உடம்புக்கு எல்லோருக்கும் ஒன்றுமில்லை. நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வழித்துவிட்டேன். சனிக்கிழமை அந்தப் பெரிய ஆட்டக்காரனின் விரலைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள். மைக்கில் கிப்பின் பெயரைச் சொன்னார்கள். மார்சி தொப்பியைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் காதுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரிய ஆட்டக்காரன் குனிந்து ஏதோ சொன்னான். அப்போதும் கழற்றவில்லை.

என்ன செய்வதென்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. பிறகு யாரோ முதலில் கழற்ற, எல்லோரும் கழற்றிவிட்டார்கள். அவள் ஒருத்தி தலையில் மட்டும் தொப்பி. இப்படி ஒரு அழுகையை அந்த மைதானம் கண்டதில்லை என்கிறார்கள். கையைத் தூக்கக்கூட அந்தக் குழந்தைக்கு வலுவில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான்.

காரில் வரும்போது ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அது கிப்போட சனிக்கிழமைம்மா" என்றாள்.

ஜெரால்ட் முன் இருக்கையில் இருந்தான். குழந்தைக்கு மனசு கலங்கியிருக்கிறது, பேச்சுக் கொடுக்காதே என்றான்.

புத்தாண்டு ஆட்டம் தெற்கே நடக்கிறது. எங்கள் மூவரையும் விமானத்தில் கூட்டிப்போகிறார்கள். மார்சி கடலைப் பார்த்ததில்லை.

டார்லீன்


டச் ஹார்பர்
நவம்பர் 24, 1984

டார்லீனுக்கு,

கரைக்கு வந்தேன். நான் நலம், உன் நலத்தை இன்று விசாரிக்கப்போவதில்லை.

நாலு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. தேதி பார்க்காமல் உன்னுடையதை எல்லாம் முதலில் படித்துவிட்டு, குழந்தையுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், ஆசையாக. மாதக்கணக்காக நான் அவளுக்காக அழுதேன், தெரியுமா? குழம்புச் சட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். பையன்கள் உப்புக் கூடிப்போச்சு என்று கேலி செய்தார்கள். கப்பலில் ஜெபம் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை, எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன். அவள் பிழைத்தாள் என்ற ஒரு வரியை எனக்கு எழுதத் தோன்றவில்லை உனக்கு.

பிழைத்த குழந்தையை வாராவாரம் நோயாளியாக்கினாய். சாகிற குழந்தையை வாசலில் காக்க வைத்தாய். எல்லாம் யாருக்காக? ஒரு குழாய் ரிப்பேர்காரனுக்காக.

நீ சொல்லமாட்டாய். அதனால் நான் சொல்லிவிட்டேன். ஹோஸ்டெட்லர் அம்மாவுக்கு எழுதி இதற்கு முன்னால் பெட்டியில் போட்டுவிட்டேன். மார்சி எழுதியதில் இரண்டு வரியை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன்.

மெர்ல்


வெல்டன்
டிசம்பர் 10, 1984

மெர்லுக்கு,

மார்சி நலம். அது உனக்குத் தெரிந்ததுதான். இனி இந்த ஊருக்கும் தெரியும்.

பெவ் அம்மா வந்தார். கோபப்படவில்லை. "எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா" என்று மார்சியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு, "தொப்பியைக் குடுத்துடறியாம்மா? அடுத்த குழந்தைக்கு அளவு பாக்கணும்" என்றார். மார்சி தன் அறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். நன்றி சொன்னாள். நான்தான் அப்படி வளர்த்திருக்கிறேன்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். பாத்திரத்துக்காக. ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்துக்கும் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும் இல்லையா, அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும். "அவசரமில்ல, இந்தப் பக்கமா வந்தேன்" என்று வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கதவைச் சாத்திவிட்டு அழுதிருப்பேன். தேவாலயத்தில் முன் வரிசை காலியாகத்தான் இருந்தது, யாரும் எங்களை அங்கே போகச் சொல்லவில்லை.

லெனோராவும் வந்தாள். அவள் கொடுத்த பாத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. மார்சியைக் கூப்பிட்டு, முளைத்திருந்த முடியில் கையை வைத்து வெகுநேரம் நின்றாள். "நல்லா அடர்த்தியா வருது" என்றாள். என்னைப் பார்த்து, "ஒரே ஒரு சனிக்கிழமை குடுத்திருக்கலாம் டார்லீன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர் அறைக்குள் நல்ல செய்தி சொன்னார். கதவைத் திறந்தால் ஜெரால்ட் பெட்டியோடு நிற்கிறான், இருக்கப்போற நாள்வரைக்கும் என்கிறான், குழந்தை அவன் காலைக் கட்டிக்கொள்கிறாள். நீ அந்தக் கதவருகே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. ஒரு வாரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். நான் செய்தது பாவம்தான். அதை எழுத உன் உதவி எனக்கு வேண்டியதில்லை.

விஷயம் தெரிந்த மூன்றாம் நாள் ஜெரால்ட் போய்விட்டான். பிழைத்ததற்குச் சந்தோஷம், என்னை முட்டாளாக்கியதற்குத்தான் வருத்தம் என்றான். எங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை.

நீ சரியானதைத்தான் செய்தாய். இனி எனக்கு எழுதாதே.

டார்லீன்


வெல்டன்
ஜனவரி 4

அன்புள்ள மெர்ல் மாமா,

நான் நலம். நீங்கள் நலமா? அம்மாவும் நலம், ஆனால் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் அனுப்பிய சிப்பிப் பெட்டி வந்தது. அம்மா மேல் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா வரவில்லை. அவர் வேலை செய்யும் கடைக்குப் போன் செய்தேன். பிஸி என்றார்கள். புத்தாண்டு ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். புதுக் குழந்தை நன்றாக, மெதுவாகக் கழற்றினாள். அவள் அப்பா பின்னாலேயே நின்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் சோப்பு போட்டுவிடச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாள். அதனால் நானே போட்டுக்கொண்டேன். பின்பக்கம் எட்டவில்லை, அங்கே கொஞ்சம் வெட்டிவிட்டது, ஆனால் எல்லாம் போய்விட்டது. தரையைக் கூட்டி அள்ளிவிட்டேன். அரித்தாலும் பரவாயில்லை. இந்த முறை யாருடைய சனிக்கிழமையையும் நான் எடுத்துக்கொள்ளமாட்டேன், தொப்பியும் வேண்டாம். வீட்டிலேயே இருப்பேன்.

நான் எழுதினால் அப்பா நம்பமாட்டார். எனக்குச் சரியாகிவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள், அதை எல்லோரும் நம்பினார்கள். அதனால் நீங்களே அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள் மாமா, எனக்கு மறுபடியும் முடி போய்விட்டது என்று.

அன்புடன்
மார்சி